கொழும்புக்குப் போக முதல் அந்தச் சீடியைத் திறந்து பாருங்கள்

அம்மாவின் நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி. சி.ரி. ஸ்கேனை யாழ்ப்பாணத்திலேயே எடுத்தோம். எடுத்ததில் ஒரு கரைச்சலும் இல்லை. இரவு பஸ்ஸில் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, டொக்டரிடம் சீடியைக் கொடுத்தால் உள்ளே இருந்தவை பன்னிரண்டு ஜேபெக் படங்கள். "இதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது, முழு டைகொம் கோப்புகளும் வேணும்" என்றார். மூச்சு வாங்கும் மனுசியைப் போக நானூறு, வர நானூறு கிலோமீட்டர் வீணாக அலைய வைத்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டால், ஸ்கேன் நிலையத்தின் கவுண்டரில் இருந்த பிள்ளை, "படம் எண்டா எல்லாம் ஒண்டுதானே அண்ணா" என்றே சொல்லிக்கொண்டிருந்தா. ஒன்றில்லை. உள்ளே இருந்து வந்த டெக்னீஷியன் தம்பிதான் விளங்கப்படுத்தினார்.

டைகொம் என்பது மருத்துவப் படங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் உள்ள பொது நியமம். அதில் உடலைத் துண்டு துண்டாகக் காட்டும் ஒவ்வொரு வெட்டுப் படமும் தனி ஒரு தரவுப் பொருள். நோயாளியின் பெயர், இலக்கம், திகதி, வெட்டின் தடிப்பு எல்லாம் படத்தோடு ஒரே கோப்பில் இருக்கும். அந்தப் பொருளை வைத்து என்ன செய்யலாம் என்பதும், அதாவது அனுப்பிச் சேமிப்பது, தேடுவது, எடுப்பது எல்லாம், அதே நியமத்தில் சேவைகளாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. 'சி.ரி. படம்', 'சேமித்தல்' என்ற சோடியை இரண்டு இயந்திரங்களும் முதலில் ஒத்துக்கொண்டால்தான் படம் நகரும். 1993 இலிருந்து டைகொம் என்ற பெயரில் இருக்கும் நியமம் இது. ஜேபெக் ஆக்கினால் இந்த விபரங்கள் கழன்றுவிடும். சி.ரி. படத்தில் வழக்கமாக உள்ள 4096 சாம்பல் நிலைகளும் 256 ஆகச் சுருங்கிவிடும். பிறகு நுரையீரலுக்கு ஒரு மாதிரி, எலும்புக்கு ஒரு மாதிரி என்று டொக்டர் மாற்றிப் பார்க்க வழியில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கப் போன வருச ஸ்கேனையும் கேட்டேன். தேடினால் இல்லை! அம்மாவின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாற்றிப் பதிந்திருந்தார்கள், இலக்கமும் வேறு. தேடல் சேவைக்கு அவ வேறு ஆள். தம்பி திகதியை வைத்துத் தேடி எடுத்துத் தந்தார். அவருக்குக் கோடி புண்ணியம். பெயரைப் பதியும்போதே பக்கத்தில் நின்று எழுத்தைச் சரிபாருங்கள்.

இந்த முறை தந்த சீடியை வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். 'டைகொம்டிர்' என்ற, சீடியில் உள்ள படங்களின் பட்டியல் கோப்பு இருந்தது. வியாசிஸ் என்ற இலவச மென்பொருளில் 386 படங்களும் அம்மாவின் பெயரோடு திறந்தன. அப்புறம்தான் பஸ்ஸுக்கு புக் பண்ணினேன்.

டொக்டர் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தை மாற்றி மாற்றி, கனநேரம் பார்த்தார். "போன வருசம் இருந்த அளவுதான் அம்மா, வளரவில்லை" என்றார்.