தேய்கிற மேனிக்கும் அபிஷேகம் உண்டு

"எல்லாம் நிலையில்லாததுதானே, மனசை விடு" என்று சாவு வீட்டிலோ ஆஸ்பத்திரி வராண்டாவிலோ யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அந்த வார்த்தை உதவியதே இல்லை, ஏனென்றால் அது கடைசியில் "பிடிப்பு எதற்கு, ஒதுங்கி நில்" என்கிற இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. அப்பா விஷயத்தில் எனக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. இந்த முறை பழனியில் கும்பிட்டுவிட்டு, அப்படியே மலையேறி பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்கிற ஜென் தியான மையத்தில் சில நாள் தங்கி, கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவரையும் பார்த்து வந்ததில் எனக்கு வேண்டியது எதுவென்று கொஞ்சம் பிடிபட்டது.

நாங்கள் தாராபுரம் பக்கம். பங்குனி உத்திரம் என்றால் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்துத் தீர்த்தக் காவடியாகப் பழனிக்கு நடந்துபோவது எங்கள் பக்கத்து வழக்கம், அப்பா அதை விட்டதே கிடையாது. இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நினைவும் நழுவுகிறது, காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரிவதில்லை, சில நேரம் என்னையே அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கிளம்பும்போது "போயிட்டு வா சாமி, எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்க" என்றார். "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன், அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

693 படிகளையும் ஏறித்தான் போனேன். தண்டாயுதபாணியின் மூலவர் திருமேனி, போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்த நவபாஷாணம் என்பது எல்லோருக்கும் தெரியும், காலங்காலமாக அபிஷேகம் செய்து செய்து அந்த மேனி தேய்ந்திருக்கிறது என்பதும் பக்தர்களுக்குத் தெரியும். காலையில் சந்நியாசி, அப்புறம் வேடன், சாயரட்சையில் ராஜா என்று ஒரே நாளில் எத்தனை கோலம் மாறுகிறார் முருகன்! ராக்காலத்தில் எல்லாவற்றையும் களைந்து மேனியில் சந்தனம் சாத்துகிறார்கள், மறுநாள் விடிந்தால் அந்தச் சந்தனமே பிரசாதம். சிறுவயதிலிருந்து பார்த்த விஷயம்தான். இந்தமுறை மட்டும் வேறு மாதிரி உறைத்தது. தேயும் என்று தெரிந்திருந்தும் யாரும் பூஜையை நிறுத்தவில்லை, தேய்கிறது என்பதற்காகக் கவனம்தான் கூடியிருக்கிறது.

கும்பாபிஷேகத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பழனியில் 2006-க்குப் பிறகு 2023 ஜனவரி 27 அன்றுதான் நடந்தது. 12 வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும் என்று ஏன் வைத்தார்கள் என்றால், சிலையைப் பீடத்தோடு பிணைக்கிற அஷ்டபந்தன மருந்துக்கு ஆயுள் அவ்வளவுதான் என்று கணக்கு. திருப்பணிக்கு முன்னால் தெய்வ சாந்நித்தியத்தைக் கலசத்துக்கு மாற்றி, பாலாலயம் என்கிற தற்காலிக சந்நிதியில் வைத்து, வேலையெல்லாம் முடிந்த பிறகு திரும்பவும் சேர்க்கிறார்கள். சாமியைப் பிடித்து நிறுத்துகிற மருந்தும் கெட்டுப்போகும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதையும் எழுதிவைத்த மரபு நம்முடையது.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு சுமார் 65 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டியதும் ஏற்றம். ஜன்னலோரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தச் சரிவுகளில்தான் பஞ்சாமிர்தத்துக்கு உயிரான விருப்பாட்சி மலைவாழை விளையும். அசுவினிப் பூச்சி பரப்புகிற முடிக்கொத்து நோய் 1970-களில் இந்த வாழையை மலையிலிருந்தே கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. நோய் கண்ட கட்டையைத் தோண்டி எறிவதைத் தவிர வழியில்லை. பிறகு நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள். அடிவாரத்தில் நான் வாங்கிய பஞ்சாமிர்த டப்பாவுக்குப் பின்னால் இத்தனை இழப்பும் உழைப்பும் இருக்கின்றன.

பழனி சாலை வந்து கொடைக்கானல் சாலையோடு சேருகிற இடம் பெருமாள்மலை. போதி ஜென்டோ அதற்குப் பக்கத்தில்தான். 1996-ல் இதைத் தொடங்கியவர் ஆமா சாமி என்கிற தமிழர், இயேசு சபைப் பாதிரியார். ஜப்பானின் காமாகுராவில் யமாடா கோவுனிடம் ஜென் பயின்று, கற்பிக்கும் அனுமதியும் பெற்றவர். ஜென் மரபு தன் முதல் ஆசானாகச் சொல்லும் போதிதர்மர் காஞ்சியிலிருந்து போனவர் என்பது நம் ஊர் நம்பிக்கை, அதை வைத்துப் பார்த்தால் ஜப்பான் வரை போன ஒன்று சுற்றிவந்து பழனி மலைத்தொடரில் உட்கார்ந்திருக்கிறது. முருகனைக் கும்பிட்ட கையோடு இங்கே வரலாமா என்று எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது. வந்தபிறகு அந்தக் கேள்வி எழவே இல்லை.

(போக நினைப்பவர்களுக்கு: நினைத்த நேரத்தில் எட்டிப் பார்க்கும் இடமல்ல, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.)

மணி அடித்ததும் உட்காரவேண்டும், கண்ணை முழுக்க மூடாமல் தாழ்த்தி வைத்துக்கொண்டு மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணவேண்டும், தவறினால் மறுபடி ஒன்று. ஒரு அமர்வு 25 நிமிடம். பிறகு எழுந்து மெதுவாக நடை, மறுபடி உட்காருவது. காலையில் ஒரு வேலை நேரம் உண்டு, காய் நறுக்குவது, களை பறிப்பது, கூட்டுவது. பேச்சு அதிகம் இல்லை. உட்காரும்போது முழங்கால் வலிக்கும். அந்த வலியையே பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒரே வலியாக இல்லை, ஏறுகிறது, இறங்குகிறது, இடம் மாறுகிறது, கொஞ்ச நேரம் காணாமலும் போகிறது. "அப்பா போய்க்கொண்டிருக்கிறார்" என்று மனதில் ஒரு பாறையாக நான் தூக்கிக்கொண்டு வந்தேனே, அதுவும் அப்படித்தான் இருந்தது. ஒரு கணம் பயம், ஒரு கணம் சோர்வு, இன்னொரு கணத்தில் அப்பா காவடியோடு ஆடிய ஞாபகம் வந்து சந்தோஷம். எதுவும் அடுத்த பத்து மூச்சு வரை தாங்கவில்லை.

அங்கே இருந்த நூலகத்தில்தான் பாலி சூத்திரங்களில் ஒரு சின்னப் பகுதியைப் படித்தேன். புத்தருக்கு வயதாகிவிட்டது. சாவத்தி நகரில் ஒரு மாலை நேரம், முதுகில் வெயில் படும்படி உட்கார்ந்திருக்கிறார். கூடவே இருக்கும் சீடர் ஆனந்தர் வந்து அவர் கைகால்களைப் பிடித்துவிடுகிறார். பிடித்துவிட்டுக்கொண்டே, மேனியில் முன்னிருந்த பொலிவு இல்லை, தோல் சுருங்கிவிட்டது, உடம்பு கூனிவிட்டது, புலன்களும் மாறிவிட்டன என்று ஆச்சரியத்தோடு சொல்கிறார். புத்தர் மறுக்கவில்லை. அப்படித்தான் ஆனந்தா, இளமைக்குள்ளேயே மூப்பு இருக்கிறது, ஆரோக்கியத்துக்குள்ளேயே நோய் இருக்கிறது என்கிறார்.

இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டத் தோன்றவில்லை. அநித்தியம் என்கிற பெரிய உபதேசம் இங்கே ஒருவர் இன்னொருவருக்குக் கால் பிடித்துவிடுகிற நேரத்தில் நடக்கிறது. ஆனந்தர் கையை எடுத்துவிட்டு தத்துவம் பேசவில்லை. "நிலையில்லாத உடம்புக்கு ஏன் இந்தச் சேவை" என்று புத்தரும் தடுக்கவில்லை. 80 வயதில், வாரால் கட்டிக் கட்டி ஓட்டுகிற பழைய வண்டி மாதிரி இந்த உடம்பு ஓடுகிறது என்று அவரே ஆனந்தரிடம் சொல்கிறார். குசிநாராவில் கடைசி நேரத்தில் ஆனந்தர் தனியே போய் அழுதபோதும் அவரைக் கூப்பிட்டு, பிரிந்துதான் ஆகவேண்டும் என்று முன்பே சொன்னேனே என்று நினைவுபடுத்துகிறார், கூடவே, நீண்டகாலம் உடலாலும் சொல்லாலும் மனதாலும் நீ அன்போடு எனக்குப் பணிவிடை செய்தாய் என்று நன்றாகச் சொல்லி அனுப்புகிறார். அவருடைய இறுதி வாக்கும் இரண்டு பங்காகத்தான் இருக்கிறது: சேர்ந்து உண்டானவை எல்லாம் அழியும் தன்மையுள்ளவை, கவனம் தளராமல் முயலுங்கள். சாவு வீடுகளில் நமக்கு முதல் பங்கை மட்டும்தான் சொல்கிறார்கள். இரண்டாவது பங்கு இல்லாமல் முதலாவதை நான் இனி கேட்டுக்கொள்ளப் போவதில்லை.

நம் மணிமேகலையும் இதையேதான் செய்கிறாள். மகனை இழந்து நிற்கும் அரசியிடம் "உடலுக்கு அழுகிறாயா, உயிருக்கு அழுகிறாயா" என்று கேட்கிற அதே பெண்தான் அமுதசுரபியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள், சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றச் சொல்லிக் கேட்கிறாள். யாக்கை நிலையாது என்று தெரிந்தவள் அந்த யாக்கையின் பசியைத் தள்ளிவைக்கவில்லை.

கடைசி நாள் குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட வெளிநாட்டுப் பெண், 1936-ல் கட்டியது. சின்னக் கோயில், கூட்டம் அதிகமில்லை, வானம் தெளிந்திருந்ததால் வடக்கே கீழே பழனிப் பக்கம் தெரிந்தது. குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-ல், இனி 2030. 12 வருடம் வளர்ந்து, ஒரே ஒரு தடவை பூத்து, விதை போட்டதும் செடி காய்ந்துவிடும். அடுத்த முறை பூப்பது இந்தச் செடியே அல்ல, அதன் விதையிலிருந்து வருவது. அதனால் இப்போது மலையில் நிற்பதெல்லாம் பூவே காட்டாத வெறும் பச்சைப் புதர், சுற்றுலா வருகிறவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. எனக்கு அந்தப் பச்சையின் மேல்தான் மரியாதை வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பெரிய மாற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலையைத் தம்பியும் நானும் மாறி மாறிச் செய்கிறோம். முன்பெல்லாம் நகம் வெட்டும்போதும் தோள் எலும்பு கையில் தட்டுப்படும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும், இப்போது பார்க்கிறேன். போன வாரம் இருந்த சதை இந்த வாரம் இல்லை என்பதும் தெரிகிறது, வெந்நீர் பட்டதும் அவர் முகம் தெளிவதும் தெரிகிறது. அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திருத்துவதில்லை, "சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்கிறேன். பயம் போய்விடவில்லை. அது வருகிறது, இருக்கிறது, அடுத்த வேலை கூப்பிடுகிறது.

பங்குனி உத்திரத்தன்று நெரிசலில் அவரைக் கூட்டிப்போக முடியாது, அது முடிந்த வாரம் காரில் பழனிக்குப் போய் விஞ்சில் ஏற்றிவிடலாம் என்று தம்பி சொன்னான். அப்பாவிடம் கேட்டேன். "கொடுமுடித் தண்ணி இல்லாம எப்படிப் போறது சாமி?" என்றார். சரி, முதலில் கொடுமுடி, அப்புறம்தான் பழனி.