ராஜூலா கப்பலும் சின்ன மாமாவோட கேசட்டும்

ஞாயித்துக்கெழம நடந்தது, இன்னும் எனக்கு அடங்கல.

சின்னவளுக்கு ஸ்கூல்ல குடும்ப மரம் வரையச் சொல்லிட்டாங்க. ஒரு மணிலா கார்டுல நாலு கிளை வரைஞ்சு போட்டோ ஒட்டுனா முடிஞ்சு போற வேலை. நான் பண்ண தப்பு, அத குடும்ப வாட்சப் குரூப்புல போட்டேன். ரெண்டே நிமிஷத்துல சின்ன மாமா கிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ், ஏழு நிமிஷம் பதினாலு செகண்ட். அவர் வாய்ஸ் மெசேஜ ரெண்டு மடங்கு ஸ்பீடுல வச்சு கேட்டாதான் சாதாரண மனுஷன் பேசுற மாதிரி இருக்கும். விஷயம் என்னன்னா, நம்ம குடும்ப வரலாறு பூரா எங்கிட்ட இருக்கு, 1986-லயே அப்பாவ பேட்டி எடுத்து கேசட்டுல பத்திரமா வச்சிருக்கேன், ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்துருங்க.

இந்த கேசட்டு புராணத்த நாங்க முப்பது வருஷமா கேக்குறோம். கல்யாணம், கருமாதி, தீபாவளி ஓப்பன் ஹவுஸ், எங்க போனாலும் சாப்பாடு முடிஞ்சதும் மாமா வயித்தத் தடவிக்கிட்டே "அந்த கேசட்ட ஒருநாள் எல்லாரும் சேந்து கேக்கணும்"பாரு. கண்ணால பாத்தவங்க யாரும் கெடையாது.

கேசட்டு இருக்கு, போட்டுக் கேக்க ரேடியோ இல்ல. அதனால ஞாயித்துக்கெழம காலைலயே பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்கு ஓடுனேன். மத்தியானத்துக்குள்ள கடையெல்லாம் கட்டிருவாங்க. துருப்பிடிச்ச தையல் மெஷினுக்கும் ஒத்தக் கால் செருப்புக்கும் நடுவுல ஒரு கேசட் பிளேயர் கெடந்துச்சு. அந்த சீன அங்கிள் அறுபது வெள்ளி சொன்னாரு, "பாராங் ஜெப்பூன், மாசே போலே பாக்காய்", ஜப்பான் சாமான், இன்னும் ஓடும்னு சத்தியம் பண்ணாத குறை. நாப்பத்தஞ்சுக்கு முடிச்சேன். ஜெலுத்தோங்குல மாமா ஃப்ளாட்டுக்குப் போனா லிஃப்ட் ரிப்பேர். ஒம்பது மாடி. அஞ்சாவது மாடியிலயே எங்க குடும்பத்துக்கு வரலாறே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.

மேல போனா கூட்டம் நெறைஞ்சு கெடக்கு. பெரியம்மா மரவள்ளிக்கிழங்குல செஞ்ச பிங்கா கேக்கு வாங்கிட்டு வந்திருந்தாங்க, மாமா அதுக்கும் ஒரு சண்டை. "அப்பா குரலக் கேக்கப் போறோம், இன்னிக்குப் போயி கிழங்கு வாங்கியாந்திருக்கியே, அவருக்குத்தான் வாய்வு ஒத்துக்காதுல்ல." மனுஷன் போயி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. கேசட்டுக்குள்ள போயா வாய்வு பிடிக்கப் போவுது? ஆனா தாத்தா இருந்த வரைக்கும் அந்த வீட்டுக்குள்ள மரவள்ளி வந்ததே இல்ல, அது வாஸ்தவம்.

கேசட்டு ஒரு மைலோ டின்னுக்குள்ள இருந்து வந்துச்சு, நாலு அந்துருண்டையோட. டப்பா மேல மாமா கையெழுத்து, "அப்பா பேட்டி, பாகம் 1". பாகம் 2 எங்கன்னு கேட்டா எடுக்கலையாம். டேப்பு ஓரத்துல வெள்ளையா பூஞ்சை. மாமா அத வேட்டி நுனியால தொடச்சு, பென்சில உள்ள விட்டு, ஆப்பரேஷன் பண்ற டாக்டர் மாதிரி மூச்சப் பிடிச்சுக்கிட்டு சுத்துனாரு. பட்டன அமுக்குனா குகைக்குள்ள இருந்து பூதம் பேசுற மாதிரி ஒரு சத்தம். சின்னவ எங்கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. பெரியம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

பெல்ட்டு போயிருச்சு. கழட்டிப் பாத்தா உள்ள இருந்த ரப்பர் பெல்ட்டு உருகி, தொதோல் அல்வா மாதிரி விரல்ல ஒட்டுது. மாமா சுத்திமுத்திப் பாத்தாரு, தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) பார்சல் வாங்குன பிளாஸ்டிக்ல கட்டியிருந்த ரப்பர் பேண்ட உருவி மாட்டுனாரு. ஓடுச்சுய்யா! "பால்மரம் வெட்டுனவன் மவன்டா நானு, ரப்பர பத்தி எனக்கா சொல்லித் தரணும்"னு ஒரு பார்வை. பத்து வயசுல எஸ்டேட்ட விட்டு வந்தவரு, ரப்பர் பால் பிடிக்கிற மங்கு கழுவுனதோட சரி.

இப்ப கேசட்டு. முதல்ல மாமா குரல், இருபத்தெட்டு வயசு, ரேடியோ அறிவிப்பாளர் ஆகணும்னு வெறி பிடிச்சு திரிஞ்ச காலம். "வணக்கம். இன்றைய தினம் நம்மோடு உரையாட வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர்..."

தாத்தா குரல்: "யார்ரா வந்திருக்கா?"

அப்படியே சிரிச்சு உருண்டோம். மாமாவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. பின்னால ஒரு சேவல் கூவுது, பாட்டி யாரையோ திட்டுறாங்க, பெரியம்மா மட்டும் கண்ண மூடிக்கிட்டு "அது நம்ம கழுத்து இல்லாத சேவல்"னு சொன்னாங்க. நாப்பது வருஷத்துக்கு முந்துன சேவல கூவுற சத்தத்த வச்சே கண்டுபிடிக்கிறாங்க, ஆனா போன வாரம் வச்ச மூக்குக்கண்ணாடி எங்கன்னு தெரியாது.

"தாங்கள் மலாயா மண்ணில் கால் பதித்த ஆண்டு?"

"ஆண்டெல்லாம் யாருக்குத் தெரியும். கொள்ளிடத்துல பெருவெள்ளம் வந்து வீடு போச்சு, அடுத்த தையில நாகப்பட்டணத்துல கப்பல் ஏறுனோம்."

"தாங்கள் பயணித்த கப்பலின் பெயர்?"

"கப்பல்னா கப்பல்தான். இங்க வந்து சேர்ற வரைக்கும் வாந்தி."

"அதாவது, புகழ்பெற்ற ராஜூலா கப்பல்!"

"நீ சொன்னா சரி."

இதான் ஆதாரம். இத வச்சுதான் மூணு தலைமுறையா ராஜூலா, ராஜூலான்னு பேசிக்கிட்டு இருக்கோம். பினாங்குல எந்தத் தமிழன் வீட்டுக் கதவத் தட்டுனாலும் எங்க தாத்தா ராஜூலாவுலதான் வந்தாருன்னு சொல்லுவாங்க. எல்லாரும் அதுலயே வந்திருந்தா அது கப்பலா, தைப்பூசத்தன்னிக்கு தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போற பஸ்ஸா? சின்னவ அதுக்குள்ள போன்ல தட்டிட்டா. கொள்ளிடம் வெள்ளம் 1924 ஜூலை. தாத்தா ஏறுனது அடுத்த தை, 1925. ராஜூலாவ கட்டி முடிச்சதே 1926-ல.

"அப்ப கொள்ளுத் தாத்தா கட்டாத கப்பல்லயா வந்தாங்க?"

மாமா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, வெள்ளைக்காரன் தேதிய தப்பா எழுதி வச்சிருக்கான்னுட்டாரு. அதுக்கு மேல அவரோட யாரு பேச.

அடுத்ததுதான் முக்கியமான எடம். கேசட்டுக்குள்ள மாமா குரல் கொஞ்சம் எறங்குது. "ஜப்பான்காரன் காலத்துல சித்தப்பா சயாமுக்குப் போனாரே, அதச் சொல்லுங்கப்பா." அறிவிப்பாளர் தமிழ் காணாமப் போச்சு. சாய்வு நாற்காலி கிறீச்சுங்குது. தாத்தா தொண்டைய கனைக்கிறாரு. "அவன்..."

டக்.

"...பாடலை விரும்பிக் கேட்டிருக்கும் நேயர்கள், தாப்பாவிலிருந்து..."

அப்புறம் டூயட்டு. ரப்பர் பேண்ட் ஓட்டத்துல பாடகியோட குரல் வேற ஆடு கத்துற மாதிரி ஆடுது. அந்தப் பக்கம் முழுக்க, திருப்பிப் போட்டா இந்தப் பக்கமும் முழுக்க, நேயர் விருப்பம்.

எல்லாத் தலையும் அடுப்படி பக்கம் திரும்புச்சு. அத்தை அங்கதான் கீழ ஒக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கல்யாணமான புதுசுல ரேடியோவுல பாட்டு புடிக்கிறதுதான் அவங்களுக்கு ஒரே பொழுதுபோக்கு, அது ஊருக்கே தெரியும். மாமா கத்துன கத்துல கீழ் வீட்டுக்காரவங்க கதவத் தொறந்துட்டாங்க. "எங்கப்பன் சரித்திரத்தையே அழிச்சிட்டியேடி!"

அத்தை தல தூக்கல. "பேரு டப்பாவுல எழுதியிருந்துச்சு, கேசட்டுல எழுதல. பின்னாடி ரெண்டு காது இருக்கும், அத ஒடச்சு வச்சிருந்தா மேல பதிவாயிருக்காது. ஊருக்கே ரேடியோ பாடம் எடுத்தவருக்கு அது தெரியாதா?" எடுத்துப் பாத்தோம். ரெண்டு காதும் அப்படியே முழுசா இருந்துச்சு.

சயாம்னா தாய்லாந்து. மலாயாவ ஜப்பான்காரன் புடிச்சு வச்சிருந்தப்ப அங்கருந்து பர்மாவுக்கு அவன் போட்ட ரயில்பாதை 415 கிலோமீட்டர், 1942, 43-ல போட்டது. எஸ்டேட்டு எஸ்டேட்டா நம்ம ஆளுங்கள ஆயிரக்கணக்குல ஏத்திட்டுப் போனாங்க, காலராவுலயும் பட்டினியிலயும் அங்கயே போனவங்க எவ்ளோ பேரு. தாத்தாவோட தம்பி போனாரு, வரல. எங்க வீட்டுல அவ்ளோதான் தெரியும். போட்டோ இல்ல, பேரு கேட்டா "சின்னவரு"ம்பாங்க. சின்னவ மணிலா கார்டுல அந்தக் கிளையில மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருந்தா.

எல்லாரும் மாமாவ சமாதானப்படுத்திக்கிட்டு இருக்கப்ப அத்தை, வெங்காயத்துக்கிட்ட சொல்ற மாதிரி, "சின்னவரு கத எனக்குத் தெரியும்"னாங்க.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"படுக்கையில கெடந்த எட்டு மாசமும் மாமனார பாத்துக்கிட்டது யாரு? ராத்திரியில தூக்கம் வராது அவருக்கு. சொல்லிக்கிட்டே இருப்பாரு. என்னை யாரு கேட்டீங்க?"

அப்புறம் சொன்னாங்க. எஸ்டேட்டு ஆளுங்கள நிறுத்திப் பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல, கெராணி, அதான் ஆபீஸ் கிளார்க்கு, "வீட்டுக்கு ஒரு ஆளு"ன்னு பேரு வாசிச்சிருக்காரு, வாசிச்சது தாத்தா பேரு. தாத்தாவுக்கு கால்ல புண்ணு, நடக்க முடியாது. மூணு மாசம்தானே, நான் போயிட்டு வரேன்னு தம்பி ஏறிட்டாரு. சுங்கைப்பட்டாணி ஸ்டேஷன்ல குடுக்கலாம்னு மரவள்ளிக்கிழங்க அவிச்சு துண்டுல முடிஞ்சுக்கிட்டு, புண்ணுக் காலோட விடிய விடிய நடந்து போயிருக்காரு தாத்தா. ரயிலு போயிருச்சு. ஆறிப்போன கிழங்கோட பிளாட்பாரத்துல ஒக்காந்திருந்தாராம், திரும்பி வர்ற வழியில பசி தாங்காம அதத் தானே தின்னுட்டாராம். அதச் சொல்றப்பல்லாம் தாத்தா அழுவாராம். தம்பி பேரையும் சொன்னாங்க. சின்னவ ரப்பர எடுத்து கேள்விக்குறிய அழிச்சா.

பெரியம்மா பிங்கா தட்டு மேல மூடிய எடுத்துப் போட்டு மூடுனாங்க. மாமா ஜன்னல்கிட்ட போயி நின்னுக்கிட்டாரு.

கொஞ்ச நேரம் கழிச்சுதான் எனக்கு ஒறைச்சது. வீட்டுல பதினோரு பேரு, போனு பதிமூணு. ஒருத்தராவது ரெக்கார்டு பண்ணோமா?

"பாட்டி, இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னு சின்னவ போன நீட்டுனா. அத்தை நிமிந்து ஒக்காந்தாங்க, முந்தானைய தேடுனாங்க, தொண்டைய சரி பண்ணிக்கிட்டு, "வணக்கம். எனது மாமனார் அவர்கள்..."

அய்யோ, இவங்களுமா!

அவங்களே நிறுத்திட்டாங்க. "இரு இரு, நைட்டியோட எடுக்காத. சேலை மாத்திட்டு வரேன்"னு ரூமுக்குள்ள போனாங்க. பீரோ தொறக்குற சத்தம் கேக்குது. இந்தப் பக்கம் டிங்குன்னு எல்லா போன்லயும் ஒரே நேரத்துல மெசேஜ், மாமாதான், ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டே குரூப்புல போட்டிருக்காரு: "கேசட் நல்ல நிலையில் உள்ளது. ராஜூலா உறுதி."

உள்ள இருந்து அத்தை குரல், "பச்சையா, அரக்கா?"

சின்னவ போன்ல பேட்டரி ஒம்பது பெர்சன்ட்.