மந்தபோசணைப் பிள்ளையை வாட்டில் சேர்ப்பது: எங்கே இழுபடும், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

கிளினிக்கில் பிள்ளையைத் தராசில் வைத்தார்கள், வளர்ச்சிக் கொப்பியில் புள்ளி போட்டார்கள், "போன மாசத்தவிட நிறை கூடியிருக்கு, திரிபோஷா குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கூடியது சதை இல்லை, நீர். காலுறையைக் கழற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வட கொழும்பில் தாய்மாரோடு துணைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன எரிச்சல். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு புறங்கால்களையும் பெருவிரலால் மூன்று விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால், கொப்பியில் புள்ளி எந்த நிறத்தில் இருந்தாலும் அது கடும் மந்தபோசணைதான். அடுத்தது கை நாடா. 6 மாதத்திலிருந்து 59 மாதம் வரையான பிள்ளைக்கு, இடது மேற்கையின் நடுவில், கை தளர்ந்து தொங்கும்போது 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அதுவும் கடும் மந்தபோசணை. உயரத்துக்கேற்ற நிறை, வளர்ச்சி வரைபடத்தின் −3 கோட்டுக்குக் கீழே போனாலும் அப்படியே. மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், மூன்றும் சேர வேண்டியதில்லை. அவசரத்தில் சட்டைக்கு மேலேயே நாடாவைச் சுற்றுவார்கள். அதிலேயே சில மில்லிமீற்றர் கூடிப் பிள்ளை தப்பிவிட்டதாகக் கணக்காகிவிடும். வரிசையில் நிற்கும்போதே சட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

திரிபோஷா சோளமும் சோயாவும் கலந்த மேலதிக உணவு. நிறை குறைந்த பிள்ளைக்கு நல்லது. இந்தக் கட்டத்துக்கு அது சிகிச்சை இல்லை. நல்லாகச் சாப்பிடுகிற, காய்ச்சலோ வயிற்றோட்டமோ இல்லாத பிள்ளைக்கு வீட்டிலேயே சிகிச்சை உணவான கச்சான் பசையைக் கொடுக்கலாம். சாப்பாட்டைத் தள்ளுகிறது, சோர்ந்து கிடக்கிறது, ஓட்டம் போகிறது, வீக்கம் காலைத் தாண்டி ஏறுகிறது என்றால் வாட்டுதான்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது எழுதித் தரும் துண்டில்தான் அடுத்த இழுபறி. அதில் வெறுமனே "வயிற்றோட்டம்" என்று எழுதியிருந்தால் வெளிநோயாளர் வரிசையில் காத்துக் கிடந்து, ஜீவனிப் பக்கெட்டையும் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். தூள்) பரசிற்றமோலையும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஒரு தடவை பகல் முழுக்க அப்படி வீணான பிறகுதான் வேறு துண்டு எழுதி வாங்க முடிந்தது. கை நாடா அளவு, கால் வீக்கம் உண்டா இல்லையா, பிள்ளை கடைசியாக எப்போது என்ன குடித்தது, இந்த மூன்றும் துண்டில் இருக்க வேண்டும். சோர்ந்த பிள்ளை என்றால் வரிசையே வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

காத்திருக்கும் நேரத்தில்தான் இரத்தத்தில் சீனி இறங்கும். பிள்ளை விழித்திருந்து விழுங்குமானால், மூன்றரை மேசைக்கரண்டி கொதித்தாறிய நீரில் ஒரு குவித்த தேக்கரண்டி சீனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அது ஏறக்குறைய 50 மி.லீ. வரும். உடம்பு குளிராமல் தாயின் நெஞ்சோடு ஒட்டவைத்து, தலையையும் மூடிவிடுங்கள். கொழும்பு வெயிலில் இது எதற்கு என்று பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மின்விசிறிக்குக் கீழே இந்தப் பிள்ளைகளின் உடல் வெப்பம் மளமளவென்று இறங்கும்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டம் போனாலும் ஜீவனி கூடாது. ஏன் என்பதைத் தாய்க்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம், ஏனென்றால் வேறெந்த வயிற்றோட்டத்துக்கும் அதைத்தான் கொடுக்கச் சொல்கிறோம். இந்தப் பிள்ளையின் உடம்பில் சோடியம் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும், பொற்றாசியம் வற்றியிருக்கும். வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசலில் லீற்றருக்கு 75 மில்லிமோல் சோடியம். இவர்களுக்கென்று உள்ள ரெசோமால் என்ற கரைசலில் சோடியம் 45, பொற்றாசியம் 40. அதையும் கிலோவுக்கு 5 மி.லீ. கணக்கில், முதல் இரண்டு மணித்தியாலம் அரை மணிக்கொரு தடவைதான் கொடுப்பார்கள். கொலராச் சந்தேகம் இருந்தால் மட்டும் வழக்கமான ஓ.ஆர்.எஸ். கொடுப்பார்கள். சேலைன் ஏற்றச் சொல்லி உறவினர் சண்டை பிடிப்பது இன்னொரு தலைவலி. குழிந்த கண்ணும் தொங்கும் தோலும் நீரிழப்பில்லாமலே இவர்களுக்கு இருக்கும். இரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலை இல்லாமல் சேலைன் ஏற்றினால் மெலிந்த இதயம் அதைத் தாங்காது.

எல்லாரும் நிறையைக் கேட்கிறார்கள், குடலைக் கேட்பதில்லை. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தட்டையாகியிருக்கும், அதனால் பாற்சீனி சமிக்காது. பித்தமும் கணையச் சுரப்பும் குறைவதால் கொழுப்பும் அப்படியே கழியும். இரைப்பையில் அமிலம் குறைய, சிறுகுடலில் பக்டீரியா பெருகி, கசியும் குடற்சுவர் வழியாக இரத்தத்துக்குள் போகும். அப்போதும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். வாட்டில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு அன்ரிபயோட்டிக் தொடங்குவது அதனால்தான். மலாவியில் செய்து 2016இல் வெளியான ஆய்வொன்றிலும், குடலிலும் உடம்பிலும் அழற்சி கூடிய பிள்ளைகளிடையேதான் மரணம் அதிகமாக இருந்தது.

ஆகவே மலத்தைப் பாருங்கள். பம்பஸ் கட்டினால் தண்ணியாகப் போவது சிறுநீர் என்றே கணக்காகிவிடும், பழைய பருத்தித் துணி கட்டுவது நல்லது. எத்தனை தரம், தண்ணியா, நுரைத்ததா, புளித்த மணமா, இரத்தமா, சளியா என்று ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதி, காலையில் டொக்டர் வரும்போது காட்டுங்கள். நுரைத்துப் புளித்த மணத்தோடு போய், ஆசனவாயைச் சுற்றித் தோலும் சிவந்திருந்தால் சீனி சமிக்காத ஓட்டமாக இருக்கலாம். "ஓட்டம் போகுது" என்று மட்டும் சொன்னால் ஒரு தலையாட்டல்தான் கிடைக்கும். நாங்கள் கொப்பியை நீட்டியதும் டொக்டர்கள் பாலை மாற்றுவதா என்று நின்று யோசித்தார்கள். இந்தப் பயணத்தில் கிடைத்த வெற்றி அது.

வாட்டில் முதலில் எஃப்-75 என்ற சிகிச்சைப் பால்: 100 மி.லீ.யில் 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. கிலோவுக்கு நாளுக்கு 130 மி.லீ., வீக்கம் கடுமையாக இருந்தால் 100. வீக்கமில்லாத 6 கிலோப் பிள்ளைக்கு நாளுக்கு 780, இரண்டு மணிக்கொருமுறை 65 மி.லீ. ஒரு சின்னக் கோப்பைகூட நிறையாது. "இதுக்கா வாட்டுல வச்சிருக்காங்க?" என்று அம்மம்மாக்கள் கோழிச் சூப்பும் நெஸ்டமோல்ட்டும் கொண்டுவருவார்கள். வாசலிலேயே தடுத்துவிடுங்கள். பட்டினி கிடந்த உடம்புக்குள் சத்து திடீரென்று போனால் இரத்தத்தில் பொசுபேற்றும் பொற்றாசியமும் சரிந்து இதயம் தடுமாறும். தாய்ப்பாலுக்குத் தடையில்லை, அதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் இது.

இரவு வேளை தவறும். தாய் களைத்துத் தூங்கிவிடுவாள், வாட்டில் ஆள் குறைவு. அலாரம் வைத்து எழும்பி, "மிஸ், பால் நேரம்" என்று தாதியிடம் நீங்களே போய்க் கேளுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வேளை கொடுத்ததில் 80 வீதம்கூட உள்ளே போகவில்லை என்றால் மூக்குக் குழாய் போடுவார்கள். அதற்கு அழத் தேவையில்லை.

வீக்கம் வடியும்போது நிறை குறையும். அதைக் கண்டு பயந்து வாட்டிலிருந்து துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன தாய்மார் உண்டு. அது நல்ல அறிகுறி. பசி திரும்பிய பிறகு அதைவிடச் சத்துக் கூடிய எஃப்-100 பால், முதல் இரண்டு நாள் அதே அளவில். பின்பு வேளைக்கு 10 மி.லீ. கூட்டுவார்கள். அப்போது மூச்சு வேகம் கூடினால் உடனே சொல்லுங்கள்.

பாமசியில் விற்கும் புரோபயோட்டிக் பக்கெட்டுக்குக் காசு கொட்டாதீர்கள். மலாவியில் 795 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2009இல் முடிவு வந்தது, குணமாகும் வீதம் கூடவில்லை. இரும்புச் சத்து மருந்தும் தொற்று அடங்கி நிறை ஏறத் தொடங்கும்வரை வேண்டாம். வீட்டில் மிஞ்சியிருக்கும் போத்தலைக் கொண்டுவராதீர்கள்.

வீட்டுக்கு வரும்போது கச்சான் பசைப் பக்கெட் தருவார்கள். ஒன்று 92 கிராம், 500 கலோரி. அண்ணாவும் அக்காவும் பங்குபோட்டால் சிகிச்சை நின்றுபோகும். வீட்டில் மற்றப் பிள்ளைகள் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். பசையைத் தண்ணியில் கரைக்க வேண்டாம், பக்கத்தில் கொதித்தாறிய நீர் வைத்துக் கொடுங்கள். ஒரே பைப்பும் ஒரே கழிவறையும் பலருக்குப் பொதுவான நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளில் குடல் திரும்பவும் கெடுவது இந்தத் தண்ணியில்தான்.

கை நாடா 12.5 செ.மீ.யைத் தொட்டு (உயரத்துக்கேற்ற நிறையை வைத்துச் சேர்த்திருந்தால் அது −2 கோட்டுக்கு ஏறி), வீக்கமும் இரண்டு கிழமை இல்லாதிருந்தால்தான் சிகிச்சையிலிருந்து பெயரை வெட்டலாம். நிறை கொஞ்சம் ஏறியதும் வெட்டப் பார்த்தால் விடாதீர்கள். வாட்டில் தரும் டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில், மிஸ் சொல்வது சிங்களத்தில். அடுத்த கிளினிக் திகதியையும் பக்கெட் எண்ணிக்கையையும் கொப்பியில் தமிழில் எழுதிவிட்டு, கார்டை இரண்டு போட்டோகொப்பி எடுத்து ஒன்றை மிட்வைஃபிடம் கொடுத்துவிடுங்கள். வாடகை வீடு மாறினால் அவருடைய பதிவேட்டில் பிள்ளை இல்லாமல் போகும், புது இடத்து மிட்வைஃபிடம் நீங்களாகப் போய்த்தான் பதிய வேண்டும்.