வயலினில் 'ஓவர் தி ரெயின்போ': ஒரு பாடலின் வரலாற்றை வாசித்துப் பார்த்த அனுபவம்

ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். பட நிறுவனம் 1939-இல் வெளியிட்ட 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' இசைப்படத்துக்காக ஜூடி கார்லண்ட் தமது பதினாறாம் வயதில் பாடிய 'ஓவர் தி ரெயின்போ' பாடலை, கர்நாடக முறையில் சுருதி சேர்த்த வயலினில் முழுமையாக வாசிக்கப் பழகி வருகிறேன். மெட்டு ஹெரால்ட் ஆர்லனுடையது, வரிகள் ஈ. ஒய். ஹார்பர்க்குடையவை. வாசிக்கத் தொடங்கும் முன்பே இப்பாடல் பிறந்த கதையைப் படித்திருந்தேன் என்றாலும், அக்கதையின் ஒவ்வொரு கட்டமும் மெட்டின் எந்த இடத்தைப் பற்றியது என்பது விரல்கள் தந்தியில் நின்ற பிறகே தெளிவாயிற்று.

முதலில் செய்த வேலை, மெட்டைச் சுரப்படுத்தியது. மேற்கத்திய மேஜர் ஸ்கேல் நமக்குச் சங்கராபரண ராகத்தின் சுரங்கள் என்பதால் அது கடினமாக இல்லை. பல்லவி போன்ற முதல் அடி ஸ, மேல் ஸ, நி, ப, த, நி, மேல் ஸ என்று செல்கிறது. அடுத்தது ஸ, த, ப. அதற்கடுத்தது மந்தர (கீழ் ஸ்தாயி) தைவதத்திலிருந்து (த) மத்யமத்துக்குத் (ம) தாவி, க, ஸ, ரி, க, ம என்று படியேறுகிறது. எழுதி முடித்த தாளைப் பார்த்தால், ஒவ்வொரு அடியும் ஒரு பெரிய தாவலில் தொடங்கி அதன் பின்னர்ச் சிறு அடிகளாக நடப்பதும், முதல் தாவல் முழு ஸ்தாயியாகவும் (ஸ முதல் மேல் ஸ வரை) அடுத்தவை அதைவிடச் சிறியவையாகவும் இருப்பதும் கண்ணுக்கே தெரிகின்றன. வயலினில் அந்த முதல் தாவல், ஸட்ஜத் தந்தியைத் திறந்தபடி வாசித்துவிட்டு, பக்கத்துப் பஞ்சமத் தந்தியில் மூன்றாம் விரலை வைப்பதுதான். கைக்கு எளிது; ஆனால் காதுக்கு அது மிகப் பெரிய தூரம். ஜாருவாக இழுத்து ஏறினால் பாடலின் தன்மையே மாறிவிடுகிறது. மேற்கத்திய மெட்டுகளில் அமைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களை இளமையில் வாசித்த பழக்கம், சுரங்களை அசைக்காமல் நேராக நிறுத்துவதற்கு இங்கே பெரிதும் கைகொடுத்தது.

இந்தத் தாவலைப் பற்றித்தான் படைத்தவர்களுக்குள்ளேயே முதல் தயக்கம் எழுந்திருக்கிறது. படத்தின் துள்ளலான பாடல்களை முடித்துவிட்ட ஆர்லன், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பண்ணை வீட்டுச் சிறுமியான நாயகி டோரத்திக்கு உள்ளத்திலிருந்து வரும் ஒரு நிதானமான பாடல் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் மனைவி காரை ஓட்ட, ஹாலிவுட்டில் சன்செட் பூலவார்டில் சென்றுகொண்டிருந்தபோது மெட்டு தோன்றவே, ஷ்வாப்ஸ் மருந்துக்கடை அருகே வண்டியை நிறுத்தச் சொல்லிக் குறித்துக்கொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் முதன்முறை கேட்ட ஹார்பர்க்குக்கு அது நெல்சன் எடி போன்ற கனத்த குரல் பாடகருக்கு உரியதாகவும், சிறுமிக்குப் பொருந்தாத அளவுக்குப் பிரம்மாண்டமாகவும் பட்டது. இருவரும் நண்பரும் பாடலாசிரியருமான ஐரா கெர்ஷ்வினை அழைத்துக் கேட்டார்கள். துணைச்சுரங்களை மெலிதாக்கி, சற்று விரைவாக வாசித்துக் காட்டும்படி அவர் சொன்னார். அப்படி வாசித்ததும் ஹார்பர்க்கின் தயக்கம் நீங்கியது.

இதை அப்படியே சோதித்துப் பார்க்க விரும்பினேன். முதலில் முழு வில்லையும் அழுத்தி, மெதுவாக, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே பக்கத்துத் தந்தியையும் சேர்த்து ஒலிக்கவிட்டு வாசித்தேன். ஹார்பர்க் சொன்னது முழுக்க உண்மை: ஒரு பெரிய அரங்கின் நடுவில் நின்று யாரோ பிரகடனம் செய்வதுபோல் இருந்தது. அடுத்து வில்லின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தி, அழுத்தத்தைக் குறைத்து, ஒற்றைத் தந்தியில், நடையைச் சிறிது கூட்டி வாசித்தேன். அதே ஸட்ஜத் தாவல் இப்போது ஆசையோடு நிமிர்ந்து பார்ப்பதாக மாறியது. சுரம் ஒன்றுகூட மாறவில்லை. படத்தில் கார்லண்ட் பாடும் நடை துரிதமானதல்ல. ஆயினும் வாத்தியங்கள் அவருடைய குரலுக்கு அடியிலேயே ஒதுங்கி நிற்பதால் பாரம் எங்கும் ஏறவில்லை. ஆகவே நடையைவிட மெலிவுதான் கெர்ஷ்வினின் அறிவுரையில் முக்கியமானது என்று கருதுகிறேன். என் பயிற்சியிலும் நடையை மறுபடி குறைத்து, வில்லின் இலேசை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நடுப்பகுதி முற்றிலும் வேறு வகையானது. ப-க, ப-க என்று இரண்டே சுரங்கள் மாறி மாறி அசைந்து, பின்னர் ப-ம என்று ஊசலாடி, தைவதத்தில் நிற்கின்றன. குழந்தைகளின் பியானோப் பயிற்சியை ஒத்த இந்த எளிமை, ஆர்லன் தம் நாயை அழைக்கும் சீழ்க்கையிலிருந்து வந்தது என்றும் சொல்லப்படுகிறது. ஆனால் இரண்டாம் முறை அதே ஊசல் வரும்போது சுத்த மத்யமத்தின் இடத்தில் அதைவிடச் சற்று உயர்ந்த பிரதி மத்யமம் நுழைந்து தைவதத்தோடு அசைகிறது. நிஷாதத்தில் (நி) நின்று தார (மேல் ஸ்தாயி) ரிஷபத்தையும் (ரி) தொட்டுவிட்டு இறங்குகிறது. பாடல் முழுவதிலும் என்னை மிகவும் ஈர்த்த இடம் இதுவே. கவலைகள் கரைந்து, வீட்டுக் கூரைகளுக்கும் மேலே சென்றுவிடும் வரியில், ராகத்துக்கு வெளியே இருக்கும் அந்த ஒரே சுரம் வாசலைத் திறந்துவிடுகிறது. மூன்றாம் விரலைச் சற்று மேலே நகர்த்தி, அதைத் துல்லியமாக நிறுத்துவதற்கே அதிக நேரம் கொடுத்தேன்.

ஹார்பர்க் வானவில்லைக் கொண்டுவந்த காரணமும் இங்கே நினைவுக்கு வந்தது. இப்படத்துக்கு மூலமாக எல். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய நூலில் கான்சஸ் முழுவதும் சாம்பல் நிறமாகவே இருக்கிறது. அந்த வறண்ட நிலத்துச் சிறுமி தன் வாழ்வில் கண்டிருக்கக்கூடிய ஒரே வண்ணம் வானவில்தான் என்று ஹார்பர்க் எண்ணினார். பெருமந்தக் காலத்து வறியவனின் குரலாக 1932-இல் ஒரு பாடலை எழுதியவர், பின்னாளில் இடதுசாரி என்ற ஐயத்தில் வேலை மறுக்கப்பட்டவர்களின் ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றவர், இந்த ஏக்கத்தை வெறும் குழந்தைக் கற்பனையாக எழுதியிருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

1938 அக்டோபரில் ஒலிப்பதிவான இப்பாடல், முன்னோட்டக் காட்சிகளுக்குப் பின் படத்திலிருந்தே நீக்கப்பட்டது. கதை நகராமல் நிற்கிறது என்றும், நாயகி பண்ணைத் தொழுவத்தில் நின்று பாடுவது தகாது என்றும் நிறுவனத்தில் எதிர்ப்பு எழுந்தது. தயாரிப்பாளர் மெர்வின் லெராயும் அவருக்குத் துணைநின்ற ஆர்தர் ஃபிரீடும் வாதாடியதால்தான் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. 1940-இல் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் விருதையும் வென்றது. சூனியக்காரியின் கோட்டையில் அடைபட்ட டோரத்தி அழுதுகொண்டே இதை மறுபடி பாடும் காட்சி மட்டும் திரும்பி வரவே இல்லை. அதன் ஒலிப்பதிவு எஞ்சியிருக்கிறது. அதைக் கேட்ட பிறகு, மந்தர தைவதத்திலிருந்து மத்யமத்துக்கு ஏறும் இடத்தில் வில்லை இன்னும் மெலிதாக்கினேன்.

இப்போது முழுப் பாடலையும் தொடர்ச்சியாக வாசிக்க முடிகிறது. இறுதியில் நடுப்பகுதியின் ஊசலையே மீண்டும் எடுத்து, ஒரு கேள்வியாக மேல் ஸட்ஜத்தை நோக்கி ஏறி முடியும் சிறு வாலையும் சேர்த்துவிட்டேன்; அதுவும் கெர்ஷ்வினின் யோசனையில் விளைந்தது என்பார்கள். ஹவாயின் இஸ்ரேல் காமகாவிவோஓலே 1988-இல் யுகுலேலே என்ற சிறு கிதாருடன் பாடிய பதிவையும் கூடவே கேட்டு வருகிறேன். மெட்டை அவர் தளர்த்திய விதம் அழகானது எனினும், என் வயலினுக்கு ஆர்லன் எழுதிய தாவல்களே வேண்டும். அடுத்ததாக, படத்தில் இடம்பெறாத முன்னுரைப் பகுதியைச் சுரப்படுத்த வேண்டும். அது பேச்சு நடையில் செல்வதால் தாளத்தை ஒதுக்கி, வரிகளின் மூச்சுக்கு ஏற்ப வில்லைப் பிரித்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.