கட்டுத்தறிக்கும் ஒரு பண்டிகை

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கிறிஸ்துமஸ் விடுமுறை, பள்ளி திறந்து மூச்சு விடுவதற்குள் பொங்கல் விடுமுறை. இடையில் கிடந்த அந்தச் சில நாட்களில் எங்கள் வகுப்பில் யாருக்கும் பாடத்தில் மனசு நின்றதில்லை. பெரும்பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். யார் வீட்டு எருதுக் கொம்புக்கு என்ன வர்ணம், எந்தப் பள்ளத்தோரம் பூளைப்பூ நிறையப் பூத்திருக்கிறது என்பதுதான் பேச்சு.

புவியியல் சார் அந்தப் பேச்சையே பாடமாக்கினார். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நாமோ தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோம். ஏன் இந்த இடைவெளி? பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், நட்சத்திரங்களைக் கணக்கில் வைத்த நம் பஞ்சாங்கம் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே வந்திருக்கிறது. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அன்று கரும்பலகையில் அவர் போட்ட கணக்கு இத்தனை காலம் கழித்து ஸ்வீடனில் எனக்குப் பயன்பட்டது.

இங்கே கோத்தன்பர்க்கில் டிசம்பர் பகல் ஆறரை மணி நேரம்தான். 13ஆம் தேதி லூசியா நாள். வெள்ளை அங்கியும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்த பெண் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தோடு முன்னே வர, பிள்ளைகள் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். குங்குமப்பூ சேர்த்த மஞ்சள் ரொட்டி எல்லோருக்கும் கிடைக்கும். அந்த இரவுதான் ஆண்டிலேயே நீண்ட இரவு என்பது பழைய நம்பிக்கை. 14ஆம் நூற்றாண்டின் ஜூலியன் நாட்காட்டிப்படி அது சரியாகவும் இருந்தது. 1753இல் ஸ்வீடன் இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிக்கொண்டது, விழா மட்டும் பழைய தேதியிலேயே நின்றுவிட்டது. நம் தை ஒன்றும் அப்படித்தானே!

ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. இங்குள்ள பழைய பண்ணை வீடுகளில் தொம்தெ என்றொரு காவல் தெய்வம் உண்டு. சிறிய உருவம், நரைத்த தாடி, தொழுவத்தையும் மாடுகளையும் காப்பது அதன் வேலை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அதற்குக் கஞ்சி வைப்பார்கள், மேலே ஒரு கட்டி வெண்ணெய் போட்டு. பிற்காலத்தில் அது பாலில் வெந்த அரிசிக் கஞ்சியானது. குருவிகளுக்கு ஓட்ஸ் கதிரைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இதைக் கேட்டபோது எனக்கு அப்பாரு, அதாவது என் தாத்தா, மாடு கட்டும் கட்டுத்தறிதான் கண்முன் நின்றது.

மார்கழிக் கடைசி நாள் சாயங்காலம் நம் கொங்குப் பக்கத்தில் காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சிறு கத்தையாகச் சேர்த்து வீட்டுக் கூரை விளிம்பான இறவாணம், மாட்டுப் பட்டி, வயலின் மூலை, மோட்டார் ரூம் என்று எல்லா இடத்திலும் செருக வேண்டும். ஒருமுறை நான் வேலை முடிந்தது என்று வந்து உட்கார்ந்தபோது ஆத்தா கேட்டாள்: “ஏங் கண்ணு, கெணத்துக்குக் கட்டுனயா? தண்ணி குடுக்கறதே அதுதான?” சோறு தருகிற எதையும் காவலில்லாமல் விடக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பண்டிகை.

மறுநாள் பொங்கல் வைப்பது எல்லா ஊருக்கும் பொது. எங்களுக்குப் பெரிய நாள் அதற்கடுத்த பட்டிப் பொங்கல். கட்டுத்தறியில் சாணத்தால் சதுரமாகக் கரை கட்டி நீர் நிரப்பித் தெப்பக்குளம் செய்வோம். சுற்றிலும் கரும்பும் ஆவாரம்பூவும் இருக்கும். பூசை முடிந்ததும் மாட்டை அந்தக் குளத்தை மிதித்துத் தாண்ட வைத்து, படையல் சோற்றை வாழைப்பழத்தோடு பிசைந்து ஊட்டுவார் அப்பாரு. நாங்கள் தட்டைத் தட்டிக்கொண்டு “பட்டி பெருக, பால் பானை பொங்க” என்று தொண்டை கட்டும்வரை கத்துவோம். உடுமலைப் பக்கத்து நண்பர்கள் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பாலும், மண்ணால் செய்த மாட்டு உருவாரமும் கொண்டு போவார்கள். மூன்றாம் நாள் பூப்பறிக்கும் நோன்பு. மார்கழி முழுக்கக் கோலத்தில் வைத்த சாணப் பிள்ளையார்களை எடுத்துக்கொண்டு பெண்பிள்ளைகள் ஆற்றங்கரைக்குப் போய், ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்துத் திரும்புவார்கள்.

வெளிநாட்டு அரங்குகளில் நாம் கொண்டாடும் பொங்கலில் காப்புக் கட்டு, பட்டிப் பொங்கல், பூப்பறிக்கும் நோன்பு மூன்றும் இல்லை. மின்னடுப்பில் ஒரு பானை, பட்டுப்புடவை, புகைப்படம், சாப்பாடு. அதைக் குறை சொல்லவில்லை, ஊர் கூடுவதே பெரிது. ஆனால் பானை மட்டும் போதாது என்று நினைக்கிறேன். ஸ்வீடிஷ் பிள்ளைகள் ஜனவரி 13 அன்று கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் இனிப்புகளைப் பறித்துத் தின்றுவிட்டு மரத்தை வெளியேற்றிப் பண்டிகையை முடிக்கிறார்கள். அநேகமாக அதே நாளில்தான் நம்மூரில் காப்புக் கட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதன் கதை தெரிகிறது, நம் பிள்ளைக்கு இதன் கதை தெரிய வேண்டாமா?

ஊரிலிருந்து பச்சை இலைதழை கொண்டுவர விதிகள் இடங்கொடுக்காது. வேம்புக்குப் பதில் இங்குள்ள ஊசியிலைக் கொத்தைக் கட்டலாம், ஆத்தா ஒன்றும் சொல்லமாட்டாள். வரும் தைக் கூடுகையில் ஒரு மணி நேரத்தைப் பட்டிப் பொங்கலுக்கு ஒதுக்கும்படி இங்குள்ள நம் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பூப்பறிக்கப் போன அக்கா தங்கைகள் கும்மியைச் சொல்லிக் கொடுக்கட்டும். தெப்பக்குளம் கட்டும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.