கம்பத்தில் ஏறிய மீட்டர்: ரோமா மக்களின் பாகுபாட்டு வழக்கைக் கரைசேர்ப்பது

பல்கேரியாவில் தூப்னித்சா என்றொரு ஊர். அங்கே கிஸ்தோவா மஹலா என்ற குடியிருப்பு. (நம்மூரில் மஹல்லா என்கிறோமே, அதே அரபுச் சொல்தான், துருக்கியர் வழியாக அந்தப் பக்கம் போயிருக்கிறது.) அங்கே வசிப்பவர்கள் பெரும்பாலும் ரோமா மக்கள், ஐரோப்பாவின் பல நாடுகளில் சிதறி வாழும் சிறுபான்மை இனத்தவர். 1999, 2000 ஆண்டுகளில் மின்விநியோக நிறுவனம் அந்தப் பகுதியின் எல்லா மீட்டர்களையும் கான்கிரீட் கம்பங்களில் ஆறேழு மீட்டர் உயரத்தில் மாட்டியது. ஊரின் மற்ற பகுதிகளில் மீட்டர் இருப்பது 1.70 மீட்டர் உயரத்தில், வீட்டுச் சுவரிலோ வேலியிலோ. அங்கே போகிற வாக்கில் ரீடிங் பார்க்கலாம். மஹலாவில் அண்ணாந்து பார்த்தால் ஒரு பெட்டி தெரியும், எண் தெரியாது.

அங்கே மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பெண், பில் அதிகமாக வருகிறது, சரிபார்க்க வழியில்லை என்று 2008 டிசம்பரில் மனு கொடுத்தார். அது 2015 ஜூலை 16 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் பெரிய அமர்வில் சி-83/14 என்ற எண்ணில் தீர்ப்பானது. நடுவில் ஆறரை ஆண்டு. அதில் ஒரு பகுதி தவிர்த்திருக்கக்கூடிய தாமதம்.

முதலில் எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டும். 2004 முதல் நடைமுறையில் இருக்கும் பல்கேரியப் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டத்தில் இரண்டு வாசல்கள். ஒன்று பாகுபாட்டுத் தடுப்பு ஆணையம். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு போக வேண்டும். மொட்டைக் கடுதாசி எடுபடாது. பெயர், முகவரி, கையெழுத்து, தேதி, என்ன பரிகாரம் வேண்டும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். ஆணையம் அபராதம் போடும், 'இதை நிறுத்து, மாற்று' என்று உத்தரவிடும். ஆனால் நஷ்டஈடு கொடுக்காது. பணம் வேண்டுமென்றால் இரண்டாவது வாசலான நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆணையத்தில் ஜெயித்த பிறகும் அந்த உத்தரவை வைத்து அங்கே நஷ்டஈடு கேட்கலாம். மீட்டரை இறக்குவதுதான் நோக்கம் என்றால் ஆணையமே போதும். இதை மனுதாரருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பணம் வரும் என்று நம்பி வந்தவர் பாதி வழியில் விட்டுப்போவது சகஜம்.

மனுவில் கால் இடறும் இடம் 'எந்த அடிப்படையில் பாகுபாடு' என்ற ஒரு வரி. மளிகைக்கடைக்காரர் மனுவில் ஆணையம் 2010 ஏப்ரலில் சாதகமாகவே உத்தரவிட்டது, தேசியத்தின் அடிப்படையிலான மறைமுகப் பாகுபாடு (எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றும் ஏற்பாடு ஒரு பிரிவினரைக் குறிப்பாகப் பாதிப்பது) என்று. எந்தத் தேசியத்தவரோடு ஒப்பிட்டு என்று சொல்லவில்லை. 2011 மே மாதம் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தக் காரணத்துக்காகவே உத்தரவை ரத்து செய்தது. மறுபடி முதலிலிருந்து. 2012 மே 30 அன்று இரண்டாவது உத்தரவு, அதன் மேல் நிறுவனத்தின் மேல்முறையீடு, அதில் நீதிபதி லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பிய பத்துக் கேள்விகள். ஆகவே மனுவிலேயே இரண்டு விஷயத்தை உடைத்து எழுதுங்கள்: அடிப்படை இனப் பூர்வீகம், ஒப்பீடு இன்ன தெரு, அங்கே மீட்டர் இன்ன உயரம். 'மறைமுகம்' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், 'நேரடி, இல்லையென்றால் மறைமுகம்' என்று இரண்டையும் கேளுங்கள்.

சான்று சேர்க்கும்போது வெறும் கம்பத்தைப் படம் எடுத்துப் பயனில்லை, அளவு தெரியாது. கம்பத்தடியில் ஒருவரை நிறுத்தி, அவர் உயரத்தைப் படத்தின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப எண் தெரிய ஒரு படம். அதே நாளில் பக்கத்துப் பகுதியில் சுவர் மீட்டர், அளவு நாடாவோடு ஒரு படம். பிறகு நிறுவனத்துக்கு ஒரு கடிதம். அவர்களின் பொது நிபந்தனைகளில், எழுதிக் கேட்டால் மூன்று நாளுக்குள் மீட்டரைப் பார்க்க வழி செய்து தருவதாக இருந்தது. அதாவது தூக்குமேடை வண்டி வரும். மாதாமாதம் பில் பார்க்க வண்டியை வரவழைப்பது கேலிக்கூத்துதான். ஆனாலும் எழுதுங்கள். எழுதாவிட்டால் 'வசதி இருந்தது, நீங்கள்தான் கேட்கவில்லை' என்று எதிர்த்தரப்பு கைகழுவ நாமே இடம் கொடுத்ததாகிவிடும். கடிதத்தின் நகலில் வரவு எண்ணும் முத்திரையும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். வண்டி வந்தால் அது எத்தனை நாளில் வந்தது என்பது சான்று. வராவிட்டால் அதுவும் சான்று.

இதற்குப் பிறகு வருவதுதான் வழக்கின் உயிர்நாடி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000/43 இனச் சமத்துவ ஆணையின் 8ஆவது பிரிவின்படி, பாகுபாடு நடந்ததாக ஊகிக்கப் போதுமான உண்மைகளை மனுதாரர் காட்டினால் போதும். அப்புறம் நிரூபணப் பொறுப்பு எதிர்த்தரப்பின் தலையில். மஹலாவில் திருட்டுக் கொக்கி போடுகிறார்கள், மீட்டரைக் கெடுக்கிறார்கள் என்றது நிறுவனம். ஆதாரம் எங்கே என்றதற்கு, அது ஊரறிந்த விஷயம் என்றது. அந்தப் பதிலே அவர்களுக்கு வினையாயிற்று. பெரும்பாலும் ரோமா மக்கள் வாழும் பகுதியில் மட்டும் இந்த ஏற்பாடு, மீட்டரைக் கெடுப்பது முக்கியமாக ரோமாக்கள்தான் என்று அவர்களே வேறு வழக்குகளில் சொன்னது, ஆதாரம் தராமல் நழுவியது: இவை எல்லாமே ஊகத்துக்கு வலு சேர்க்கும் என்றது நீதிமன்றம். எனவே எதிர்த்தரப்பு எழுதும் ஒவ்வொரு பதிலிலும் 'இவர்கள்', 'அந்தப் பகுதிக்காரர்கள்' போன்ற சொற்களை அடிக்கோடிட்டு வையுங்கள். தனிநபர் யார் மீதாவது திருட்டு வழக்கு உண்டா, எத்தனை, எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள். திருட்டைத் தடுக்க வேறு தொழில்நுட்பம் இல்லையா என்றும் கேட்க வேண்டும். மற்ற விநியோக நிறுவனங்கள் இந்த உயர மீட்டரைக் கைவிட்டு வேறு வழிக்குப் போயிருந்ததை ஆணையம் குறிப்பிட்டிருந்தது.

மனு கொடுத்த மளிகைக்கடைக்காரர் ரோமா இல்லை. இது பலவீனம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஒரு இனத்தாரைக் குறிவைத்த நடவடிக்கையில் அவர்களோடு சேர்ந்து அடிபடுகிறவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. மின்கட்டண பாக்கிக்குப் பயந்து ரோமா குடும்பங்கள் கையெழுத்துப் போடத் தயங்கும் இடங்களில் இது பெரிய வழி. மனு கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டு. இணைப்பைத் துண்டித்த தேதியை உடனே குறித்து வைக்க வேண்டும்.

மீட்டரைப் படம் எடுத்துவிடலாம். பள்ளியை எப்படி எடுப்பது? செக் குடியரசின் ஆஸ்த்ராவா நகரில் ரோமா குழந்தைகளைக் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் தள்ளிய வழக்கு எண்ணிக்கையால்தான் நின்றது. 1996இல் புடாபெஸ்டில் தொடங்கிய ஐரோப்பிய ரோமா உரிமை மையம் அதற்குப் பின்னால் இருந்தது. இனவாரிப் புள்ளிவிவரம் அரசிடம் இல்லை. எனவே 8 சிறப்புப் பள்ளிகள், 69 தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடமிருந்து எண்ணிக்கை திரட்டப்பட்டது. சிறப்புப் பள்ளி மாணவர் 1,360 பேரில் 762 பேர் ரோமா, அதாவது 56 சதவீதம். நகரின் தொடக்கப்பள்ளி மாணவர்களில் ரோமாக்களோ 2.26 சதவீதம்தான். ரோமா அல்லாத குழந்தைகளில் 1.8 சதவீதம் சிறப்புப் பள்ளிக்குப் போக, ரோமா குழந்தைகளில் 50.3 சதவீதம் போனார்கள். 27 மடங்கு. இது தலைமை ஆசிரியர்களின் சொந்த அபிப்பிராயம் என்று அரசு வாதிட்டது. ஆனால் மாற்றுக் கணக்கு எதையும் நீட்டவில்லை. அட்டவணை தயாரிக்கும்போது சதவீதத்தை மட்டும் போடாமல் தலைக்கணக்கையும் போடுங்கள், யார் எண்ணியது, எந்தக் கல்வியாண்டு என்பதையும். குழந்தைகளின் பெயர் வேண்டாம்.

அந்த வழக்கில் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்கள் இருந்தன. அரசு அதைத்தான் பிடித்துத் தொங்கியது. பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2007 நவம்பர் 13 அன்று 13க்கு 4 என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு சிறிய அமர்வில் அதே வழக்கு 6க்கு 1 என்று தோற்றிருந்தது. மூன்று மாதத்துக்குள் பெரிய அமர்வைக் கேட்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மருத்துவமனை ஆவணம் தேவைப்படும் வழக்குகளில், குறிப்பாகச் சம்மதமில்லாத கருத்தடை சம்பந்தப்பட்டவற்றில், 'பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் கிடையாது' என்பார்கள். ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக எட்டு ரோமா பெண்கள் தொடுத்த வழக்கில் 2009 ஏப்ரலில் இது உரிமை மீறல் என்று தீர்ந்துவிட்டது. நகல் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்ட்ராஸ்பர்க் போவதென்றால் நாள் எண்ணுங்கள். உள்நாட்டில் கடைசி முடிவு வந்ததிலிருந்து முன்பு ஆறு மாதம்; 2022 பிப்ரவரி 1 முதல் நான்கு மாதம்தான். முழுமையாக நிரப்பிய படிவம் தபாலில் போன நாள்தான் கணக்கு. பேக்ஸ் அனுப்பினால் கெடு நிற்காது. வக்காலத்துப் பகுதியில் மனுதாரர், வக்கீல் இருவரின் அசல் கையெழுத்தும் வேண்டும். படிவத்தில் இடம் போதாவிட்டால் கூடுதலாக 20 பக்கம்தான். அதில் புதுக் குற்றச்சாட்டு எழுதக்கூடாது. ஒரு பெட்டியை வெறுமையாக விட்டாலும் திருப்பி அனுப்பலாம், திருத்தி அனுப்புவதற்குள் கெடு முடிந்திருக்கும். அதனால் மூன்றாவது மாதத்திலேயே தபாலில் சேர்ப்பது நல்லது. நீதிமன்றத்தின் சட்ட உதவிப் பணம், அரசுக்கு நோட்டீஸ் போன பிறகுதான் கேட்கலாம். அதுவரை ஆகும் செலவுக்கு வேறு வழி பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஆஸ்த்ராவா குழந்தைகள் 18 பேருக்கும் தலைக்கு 4,000 யூரோ கிடைத்தது. பள்ளிகளை மாற்றும் வேலை, ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்கும் ஐரோப்பிய மன்றத்தின் அமைச்சர்கள் குழுவின் கண்காணிப்புக்குப் போனது. தீர்ப்பு வந்து பத்தாண்டு தாண்டியும் அந்தக் கோப்பு மூடப்படவில்லை. வழக்கில் கட்சிக்காரராக இல்லாத அமைப்பும் அந்தக் குழுவின் விதி 9.2இன்படி அதற்கு எழுதலாம். எழுதும்போது பழைய அட்டவணையின் அதே தலைப்புகளை வைத்து, அந்த ஆண்டின் எண்களை அதற்கு நேரே போட்டு அனுப்ப வேண்டும்.