ஞாயிற்றுக்கிழமைத் தேடல்

2015 மே 1. மெக்சிகோவின் குவாதலஹாராவில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மே தின விடுமுறை, ஆனால் எனக்கு சப்போர்ட் ஷிஃப்ட். "யாரும் வெளியே வராதீர்கள்" என்று டீம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இந்த ஹலிஸ்கோ மாநிலத்தின் கார்ட்டெல், அதாவது போதைப்பொருள் கடத்தல் கும்பல், அதன் தலைவன் எல் மெஞ்சோவைப் பிடிக்க ராணுவம் போனதாம். அவன் ஆட்கள் ராணுவ ஹெலிகாப்டரையே சுட்டு வீழ்த்திவிட்டு பஸ், பேங்க், பெட்ரோல் பங்க் என்று மாநிலம் முழுக்கக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் உள்ளூர்க்காரரான சீனியர் ஒருவர் எனக்கு விளக்கினார். 2010-இல் இங்கே பக்கத்துச் சபோபானில்தான் சினலோவா கார்ட்டெல் என்ற இன்னொரு கும்பலின் தலைவர்களில் ஒருவனான நாச்சோ கொரோனலை ராணுவம் சுட்டுக் கொன்றது. அவன் போன பிறகு அவன் ஆட்கள் உடைந்து, அதிலிருந்து தலையெடுத்ததுதான் இந்தக் கும்பல். 2006 டிசம்பரில் அதிபர் கால்தெரோன் கார்ட்டெல்களுக்கு எதிராக ராணுவத்தை இறக்கியதிலிருந்தே இப்படித்தான், ஒரு தலைவன் விழுந்தால் அந்த இடத்துக்கு நாலு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்றார்.

அப்புறம் அந்த ஊரில் இருந்த வருடங்களில் துப்பாக்கிச் சத்தத்தைவிட என்னை உலுக்கியது காணாமல் போனவர்களின் போஸ்டர்கள்தான். ஆபீஸ் போகும் வழியில் உள்ள ரவுண்டானா முழுக்க முகங்கள், உயரம், மச்சம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை. 2022-இல் நாட்டின் அரசுப் பதிவேட்டிலேயே எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு மே மாதம் சபோபானில் கால் சென்டர் வேலைக்குப் போன இளைஞர்கள் சிலர் வீடு திரும்பவில்லை, பள்ளத்தாக்கில் பைகளில் உடல் பாகங்கள் கிடைத்தன. கார்ட்டெல் நடத்திய மோசடி கால் சென்டர் அது. எங்களைப் போலவே ஹெட்செட் மாட்டிக்கொண்டு வேலை பார்த்த பிள்ளைகள். அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

அந்தச் சீனியரின் அக்கா மகனையும் காணவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். புகார் கொடுக்கப் போன இடத்தில் "காதலியோடு போயிருப்பான், காத்திருங்கள்" என்றார்களாம். காணாமல் போனவர்களின் குடும்பங்களே ஞாயிறுதோறும் புதைகுழிகளைத் தேடிப் போவார்கள், ஒரு ஞாயிறு அவரோடு நானும் போனேன். அம்மாக்கள்தான் அதிகம். சந்தேகப்பட்ட இடத்தில் நீள இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள், வெளியே இழுத்து முனையை முகர்ந்து பார்க்கிறார்கள், பிண வாடை அடிக்கிறதா என்று. ராணுவத்துக்கும் தேசியக் காவல்படைக்கும் இவ்வளவு செலவழிக்கும் அரசு செய்ய வேண்டிய வேலை அது, என் அம்மா வயதுப் பெண்கள் வெயிலில் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அன்று எதுவும் கிடைக்கவில்லை. சாயங்காலம் கம்பிகளைத் துடைத்து வண்டியில் ஏற்றியபடியே அடுத்த ஞாயிறு எந்தப் பக்கம் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள்.